கவுன்டரில் என் கரடி டப்பா

சியேரா மலையிலுள்ள ஹோலிஸ் ஏரிக்குப் போக நானும் கொரினும் வருஷாவருஷம் பெர்மிட் குலுக்கலில் தனித்தனியாகப் பெயர் கொடுப்போம். யாருக்கு விழுந்தாலும் இருவரும் போவதென்று பேச்சு. போன வருஷம்வரை ஒரு தடவைகூட விழவில்லை. இந்தக் கோடையை விட்டால் எனக்கு வேறு கோடை இல்லை. அடுத்து முழங்கால் ஆபரேஷன். அதற்குப் பிறகு முதுகில் மூட்டையே தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"எனக்கும் விழலடி லோர்னா. நம்ம தலையெழுத்து" என்றாள் கொரின். அண்ணன் மகனுக்கு வேண்டும் என்று என் கரடி டப்பாவையும் இரவல் வாங்கிப்போனாள். கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா அது. அதில்லாமல் அந்தக் காட்டில் ராத்தங்க விடமாட்டார்கள். எங்கே தண்ணீர், எங்கே கூடாரம் என்று நான் வரைந்திருந்த வழிப்படத்தையும் கேட்டாள். கொடுத்தேன், மடச்சி.

ஜூலையில் மனசு கேட்கவில்லை. யாராவது வராமல்போனால் அந்த இடம் வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்கும். மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன்.

கவுன்டரில் என் டப்பா உட்கார்ந்திருந்தது. நாங்கள் போன மலைகளின் ஸ்டிக்கர்கள் அதில் அப்படியே இருந்தன. பக்கத்தில் கொரினும் அவள் ஆபீஸ் தோழி டெஸ்ஸாவும்.

"ஹோலிஸ் ஏரி, ரெண்டு பேர்" என்று கொரின் பெயரில் இருந்த பெர்மிட்டை வாசித்தார் ரேஞ்சர்.

என்னைப் பார்த்ததும் கொரின் முகம் வெளுத்தது. "உன் கால நெனச்சுதான் சொல்லல லோர்னா. நீ மெதுவா நடப்ப, பாதி வழியில உக்காந்துட்டா..."

"படத்துல வழியக் கொஞ்சம் கொஞ்சமா எதுக்குடி பிரிச்சு வச்சேன்? என் காலுக்கா? உன் ஆஸ்துமாவுக்குடி!"

டப்பாவைத் திறந்து அவர்களுடைய ஓட்ஸ், சாக்லேட், காபித்தூள் எல்லாவற்றையும் கவுன்டரில் கொட்டினேன்.

"வேற டப்பா இருக்கா?" என்று ரேஞ்சரைக் கேட்டாள் டெஸ்ஸா.

"வாடகை டப்பா எல்லாம் போயாச்சு மேடம். பத்து மணிக்குள்ள ஒண்ணு கொண்டு வாங்க. இல்லன்னா இடம் வரிசையில அடுத்தவங்களுக்கு."

கொரின் வாசலில் நின்று யார் யாருக்கோ போன் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மூவரும் ஒரே பெஞ்சில். என் மடியில் டப்பா. இத்தனை வருஷமாகக் கூடாரத்தில் என்னை எழுப்பிய அவள் காபியின் வாசனை அதில் இன்னும் இருந்தது.

பத்தடித்தது.

"அடுத்தது யாரு?"

நான் எழுந்தேன்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு" என்று பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. பெஞ்சில் கொரின் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இல்ல, ஒரு ஆள்தான்" என்றேன்.