சிவப்பு விளக்கில் நின்ற கார்

பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பழைய கேம் பெட்டி கிடைத்தது. உள்ளே எங்கள் கார்ப் பந்தய கேம் சிடி. பள்ளியில் படிக்கும்போது நானும் அண்ணனும் அடிமாட்டு விலைக்கு வாங்கியது. அதில் எல்லாக் கார்களுக்கும் ஒரே மிக்ஸி சத்தம். சுரங்கப்பாதைக்குள்ளும் மழை பெய்யும். ஆனாலும் அந்தத் தெருக்களை நான் கனவில்கூட ஓட்டியிருக்கிறேன்.

ஒன்பது பந்தயங்களை ஜெயித்திருந்தோம். பத்தாவதை முடித்ததே இல்லை. கடைசிச் சந்திப்பில் எங்கிருந்தோ ஒரு லாரி வந்து அடித்துப் போட்டுவிடும். அதில் ஜெயித்தால்தான் பரிசாக வைத்திருக்கும் துணி போர்த்திய கார் கிடைக்கும். துணிக்குள் என்ன இருக்கிறதென்று இன்றுவரை தெரியாது.

"இன்னிக்கு விடக்கூடாதுண்ணா."

அண்ணன் பஸ் ஓட்டுநர். நாலு மணிக்கு வேலை. சீருடையோடு தரையில் உட்கார்ந்தான்.

முதலில் நான் ஓட்டினேன். லாரி. மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் லாரி.

"அந்த லாரிக்காரன் உனக்கு என்ன பாவம் பண்ணான்? தேடிப் போய் முட்டுற."

"அவன்தான் என்னத் தேடி வர்றான். ஓட்டை கேம்."

"கொண்டா இங்க. தினமும் அறுபது பேர ஏத்திட்டுப் போறவன் நான்."

"பீத்திக்காம ஓட்டு."

பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டது. திரையில் கோடுகள் ஓடின. இன்னும் ஒரு ஆட்டம் தாங்கினால் அதிகம்.

அண்ணன் பறந்தான். கடைசிச் சந்திப்பு வரை அவன்தான் முதல். அங்கே போய் சட்டென்று பிரேக் பிடித்து நின்றுவிட்டான்.

"என்னண்ணா பண்ற?"

"சிவப்பு போட்டிருக்கான்," என்றான், ரொம்ப இயல்பாக. அப்புறம்தான் அவனுக்கே உறைத்தது. "ஐயோ, கை தானா நின்னுடுச்சு."

பின்னால் வந்த மூன்று கார்களும் எங்களைத் தாண்டிச் சீறின. அதே நொடி குறுக்கே வந்த லாரி மூன்றையும் வாரிக்கொண்டு போனது. விளக்கு பச்சையானது.

இத்தனை வருடமும் அந்த விளக்கை நாங்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. லாரி ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது.

"பச்சைண்ணா, போ, போ!"

தெருவே காலி. அண்ணன் தனியாளாகக் கோட்டைத் தாண்டினான். திரையில் துணி மெல்ல நழுவியது. கரிய கார்; அதன் உடம்பெங்கும் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் வழுக்கிக்கொண்டு போயின. மழையைக்கூடச் சரியாக வரையத் தெரியாதவர்கள் தங்கள் உயிரையெல்லாம் இதற்குள் கொட்டியிருந்தார்கள்.

பெட்டி எப்போது நிற்குமோ தெரியாது. அண்ணன் கன்ட்ரோலரை என் மடியில் வைத்தான்.

"ஏறு," என்றான்.