அம்மாவுக்குப் பேச வராது

பைக் சத்தம் கேட்டதும் கதவைத் தாழ்போட்டேன். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் இரண்டு பைக், நான்கு பையன்கள். ஒருவன் போனையும் எங்கள் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துத் தலையை ஆட்டினான். சட்டென்று ஜன்னலை விட்டு விலகினேன்.

எல்லாம் என் வாய்க்கொழுப்பால் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் நானும் விடுதித் தோழிகளும் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி கலந்துதான் பேசுவோம். எந்த ஊர்க்காரி என்று எவனும் கண்டுபிடிக்கக் கூடாது, அதில் எங்களுக்கு ஒரு தெனாவட்டு. அதையே ரீல்ஸாகவும் போடுவேன். கடைசியாகப் போட்டது தக்காளி வண்டிக்காரரோடு எடுத்தது. கன்னடத்தில் விலை கேட்பேன், தமிழில் திட்டுவேன், இங்கிலீஷில் சமாதானமாவேன். அவரும் சிரித்துக்கொண்டே கூட நடித்தார். எவனோ ஒரு புண்ணியவான் முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, திட்டுகிற இடத்தை மட்டும் பரப்பிவிட்டான். 'கன்னட வியாபாரியை அவமானப்படுத்திய தமிழ்ப் பெண்.' செத்துப்போ என்று எனக்கு எழுதியவர்களுக்குக் கணக்கில்லை. ஒருவன் விடுதியின் பெயரையே போட்டுவிட்டான். விடுதிக்கார அக்கா என் பையை என் கையிலேயே கொடுத்து, கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இரு என்று அனுப்பிவிட்டார். காரிமங்கலத்துக்கு பஸ் ஏறி வந்து சேர்ந்தேன். என் பழைய ரீல் ஒன்றில் ஊர்ப் பெயரோடு இந்த வீட்டு வாசலும் இருந்ததை நான் யோசிக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் வீட்டில் பேசுவதே கன்னடம்தான். அப்பாவுக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அம்மா கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தமிழ் முழுக்கப் புரியும். பேசினால் மட்டும், இரண்டு வார்த்தையில் எந்தப் பக்கத்துக்காரி என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"பூவிழிங்களா? கதவத் தொறங்க. பயப்படாதீங்க, நாங்க நம்ம ஆளுங்கதாங்க."

எந்த 'நம்ம' என்று எனக்குத் தெரியவில்லை. திறக்காவிட்டால் சத்தம் கேட்டு அம்மா வந்துவிடுவாள். அந்தப் பயத்தில்தான் திறந்தேன்.

முன்னால் நின்றவன் கும்பிட்டான். "நான் வீரமணிங்க, தர்மபுரி. உங்க பேரப் பாத்ததுமே தெரிஞ்சிக்கிட்டோம், நம்ம தமிழ்ப் பொண்ணுன்னு. அங்க உங்கள அவ்ளோ அசிங்கமாப் பேசறானுங்க, நாம சும்மா இருக்கறதாங்க? ஒரு வீடியோ மட்டும் பேசிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அடிக்க வரவில்லை, ஆதரவு கொடுக்க வந்திருக்கிறார்கள். பயம் குறைந்ததா என்றால் இல்லை, இன்னும் கூடிற்று. என் வீட்டு மொழி என்னவென்று தெரிந்தால் இதே முகங்கள் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"வேணாங்க. இதோட வுட்ருங்க."

வீரமணியின் சிரிப்பு மாறவில்லை. ஆனால் பின்னால் இருந்த ஒருவன் பைக்கை விட்டு இறங்கி வந்து வாசற்படியில் காலை வைத்தான். "பேச மாட்டேன்னா எப்பிடிங்க? அப்பறம் நீங்களும் அவனுங்க பக்கந்தானோன்னு சந்தேகம் வரும்ல?"

என்ன பேச வேண்டும் என்பதையும் வீரமணியே சொல்லிக்கொடுத்தான். கேமரா முன் நின்று நான் அப்படியே ஒப்பித்தேன். எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன், நான் தமிழச்சி. பயத்தில் குரல் நடுங்கியது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, "சூப்பருங்க" என்றான்.

திரும்பினால் அம்மா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாயெடுத்தாள். 'ஊட்டா ஆய்தா?' வரப்போகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், சாப்பிட்டாயிற்றா என்று அதைத்தான் முதலில் கேட்பாள்.

"அம்மாங்களா? நீங்களும் பொண்ணுக்கு ஆதரவா ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா." போன் அவள் பக்கம் திரும்பியது.

"அம்மாவுக்குப் பேச வராதுங்க," என்றேன்.

"என்னங்க சொல்றீங்க?"

"பொறந்ததுல இருந்தே."

அம்மாவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. வீரமணி உச்சுக்கொட்டினான், ஆனால் போனை இறக்கவில்லை. "வாய் பேசாத தாயோட மகள். டேய், இதையே தலைப்பாப் போட்ரலாண்டா. அம்மா, கும்பிடவாவது கும்பிடுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு ஈரம் காயாத கைகளைக் குவித்துக் கும்பிட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"தைரியமா இருங்க. வூடு தெரிஞ்சிருச்சில்ல, இனிமே அடிக்கடி வந்து பாத்துட்டுப் போறோம்." பைக்குகள் கிளம்பின. எதிர்வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அவர்கள் எங்கும் நிற்காமல் தெரு முனையில் திரும்பும்வரை வாசலிலேயே நின்று பார்த்தேன்.

"அம்மா, ஹோதரு," என்றேன். அவர்கள் போய்விட்டார்கள். அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் போய், "ஏனாதரூ மாத்தாடம்மா," ஏதாவது பேசு என்று கெஞ்சினேன். கையைப் பிடித்து உலுக்கினேன், அழுதேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

இருட்டுகிற நேரத்துக்கு அப்பா பையோடு வந்தார். செருப்பைக் கழற்றியபடியே, யார் வந்திருந்தார்கள், வாசலெல்லாம் டயர் தடமாக இருக்கிறதே என்று அம்மாவிடம் கன்னடத்தில் கேட்டார்.

அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள்.