சகலைகளின் தொடை

பெரிய சகலையும் சின்னச் சகலையும் மாமியார் வீட்டு இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றும்போது, பாதிப் படியில் அது சரிந்து இருவரையும் கீழே தள்ளித் தொடைத் தசையைக் கிழித்தது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர், ஒரே நாளில் மயக்கம் கொடுத்துத் தைத்தார்கள். அதுவரைக்கும் சமம்தான்.

பெரியவர் கண் விழிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. சின்னவன் அதற்குள் நர்ஸோடு பாதிக் குடும்பக் கதை பேசி முடித்திருந்தான். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் அணையவே இல்லை. சின்னவன் ஒரு மாதத்தில் ஊன்றுகோலை மூலையில் சாத்தினான். இவருக்கோ பாத்ரூம் வாசலே வெளியூர். "அவரும் உங்ககூடத்தானே விழுந்தாரு," என்பாள் மனைவி. அவன் தடதடவென்று படியேறி வந்து நலம் விசாரிப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது. அவன் இன்னொரு முறை வழுக்கி விழுந்தால் தேவலை என்றுகூட நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

அடுத்த பரிசோதனைக்கு மனைவி, சின்னவன் எல்லோருமாகப் போனார்கள். டாக்டர் இவர் தொடையை அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஐம்பது வயசுக்கு இது ரொம்ப மெதுவா ஆறுது. உள்ள தையல் விட்டிருக்கலாம். மறுபடி மயக்கம் கொடுத்துத் திறந்து பாத்துடுவோம்."

பெரியவர் தொடையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அன்று தையல் போடுவதற்கு முன் மயக்க டாக்டர் வயது கேட்டபோது பக்கத்தில் மனைவி நின்றாள். கல்யாணத்துக்கு முன் அவளிடம் எட்டு வயதை மறைத்தவர், அங்கேயும் அதே கணக்கைத்தான் சொல்லியிருந்தார். மறுபடி கத்தியா, மானமா?

"டாக்டர், எனக்கு ஐம்பத்தெட்டு."

டாக்டர் சிரித்தே விட்டார். வயது ஏற ஏறத் தசை மெதுவாகத்தான் கூடும், உங்கள் வயது தெரியாமல் கத்தியை எடுக்கப் பார்த்தேனே என்றார். "உங்க வயசுக்கு இது பிரமாதம். இந்தத் தம்பி வயசுக்குத்தான் இன்னும் வேகமா தேறியிருக்கணும், பயிற்சியில ஏமாத்துறாரு, இவரைப் பாத்துக் கத்துக்கணும்."

சின்னவன் முகம் சுருங்கியது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் பெரியவர் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தார். ஆனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மனைவி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முப்பதுன்னு சொல்லித்தானே என்னைக் கட்டினீங்க?"

மயக்க டாக்டர் இன்று வந்திருக்கிறாரா என்று பெரியவர் டாக்டரிடம் மெல்லிய குரலில் கேட்டார்.