சோறு ஆறுது

நோர்வேயிலிருந்து தமிழ் பேசிப் பழக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒருத்தியை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர் என் கணவர் ஜவாஹிர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊர் உக்குவளையில் மூன்று கிழமை தங்கல், வீட்டுக்குள் தமிழைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது. பொறுப்பாக இருந்த சிவதர்ஷினி டீச்சர் இதை இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வேனிலிருந்து பெட்டியை இறக்கினார்.

வந்தவள் பெயர் தினுஷா. பதினாறு வயது. வாயைத் திறப்பதற்கு முன் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அவள் ஏன் வந்தாள் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். போன வருடம் மூளையில் இரத்தம் கட்டி விழுந்திருக்கிறார். பிழைத்து எழும்பியபோது அத்தனை வருடம் பேசிய நோர்வே மொழி அவரிடம் இல்லை. தமிழ் மட்டும், அதுவும் கொஞ்சம், மிஞ்சியிருந்தது. அம்மா வேலைக்குப் போனால் பின்னேரங்களில் அப்பாவும் இவளும்தான் வீட்டில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். இதையும் அவள் இங்கிலீஷில்தான் சொன்னாள்.

கேட்டு எங்கள் வீடே உருகிப்போனது. அதன் பலன், அன்றிலிருந்து எல்லோரும் அவளோடு இன்னும் அன்பாக இங்கிலீஷ் பேசினார்கள். வெளியூர்ப் பிள்ளை ஒன்று பேச்சு வராமல் தவித்தால் நம் ஆட்களுக்குப் பொறுக்காது. ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் தகரமும் விற்கிற என் கணவர், படித்த காலத்திலிருந்து பூட்டி வைத்திருந்த இங்கிலீஷையெல்லாம் அவள் தலையில் கொட்டினார். மகள் அம்றாவுக்கோ, காசு கட்டாமல் ஒரு வகுப்பு கிடைத்த மாதிரி.

"அந்தப் புள்ள தமிழ் பழக வந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் இங்கிலீஷ் பழகுறீங்க," என்றேன்.

"பாவம் ஸரீனா, திணறுது," என்றார் அவர்.

"திணறட்டும். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கு."

சொன்னேனே தவிர, நானும் ஒன்றும் கிழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதிந்து துண்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. தமிழ் மட்டும் தெரிந்தவர்களின் வருத்தத்தை டாக்டருக்குச் சிங்களத்திலும், டாக்டர் சொன்னதை அவர்களுக்குத் தமிழிலும் சொல்லிச் சொல்லி, பின்னேரம் ஆனதும் என் வாய் செத்துவிடும். காலையில் வாசலில் நின்று "நான் வாறேன்." மற்ற நேரம் எழும்பு, குளி, தின்னு, தூங்கு. நான் அவளுக்குக் கொடுத்த தமிழ் அவ்வளவுதான். இரவில் மட்டும் ஒரு முழு வசனம் உண்டு. "யா அல்லாஹ், சோறு ஆறுது, எழும்பி வா." நாள் தவறாமல் அதே வசனம், அதே அலுப்பு.

மூன்று கிழமை அப்படியே ஓடிப்போனது. அவள் புறப்படுவதற்கு முதல் நாள், அந்தியில் மஃரிப் தொழுது முடித்த நேரம், அவளுடைய அம்மா போனில் வீடியோவில் வந்தார். தினுஷா நோர்வே மொழியில் ஏதோ சொல்ல, அம்மா போனை அப்பாவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு விலகிக்கொண்டார். அங்கே பகல். அவர் நெற்றியில் திருநீறு, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மேசையில் தொடாத சோற்றுக் கோப்பை.

"பிள்ளை," என்றார் அவர்.

இவள் உதட்டைக் கடித்தாள். அம்றா காதில் சொல்லிக்கொடுக்கக் குனிந்தாள்.

"வாயை மூடு அம்றா," என்றேன் குசினி வாசலிலிருந்து. "அவ சொல்லட்டும்."

தினுஷா திரையையே பார்த்தாள். அந்தக் கோப்பை அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"யா அல்லாஹ், சோறு ஆறுது, எழும்பி வா."

என் குரல், என் அலுப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. திருநீறு பூசிய மனுசர் திகைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். பாதி வாயால், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தப் பக்கம் அம்மா நோர்வே மொழியில் என்னவோ சொல்லி அழுவது கேட்டது. விழுந்த பிறகு அவர் சிரித்ததே இல்லையாம். தினுஷாவிடம் கேட்டு அம்றா பின்னால் சொன்னாள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்.

"எப்ப வாறாய்?"

தினுஷா என்னைப் பார்த்தாள். நீயே சொல் என்று தலையை ஆட்டினேன். அவள் நாட்களை எண்ணி விரல்களை மடக்கினாள்.

"தூங்கு," என்றாள். "எழும்பு. தின்னு." அடுத்த விரலை மடக்கித் திரும்பவும், "தூங்கு. எழும்பு." பிறகு நெஞ்சில் கை வைத்தாள். "நான் வாறேன்."

பெற்ற தகப்பனை வா, போ என்கிறாளே என்று யாரும் திருத்தவில்லை.

"ஓம்," என்றார் அவர். இடது கையால் கரண்டியை எடுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் வாய் வலிக்கிறதென்று மிச்சம் பிடித்த சொற்களை நினைத்துத்தான். அன்றும் வாய் வலித்தது. கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உம்மா, சோறு ஆறுது," என்றாள் அம்றா.

"ஆறட்டும்," என்றேன். "தினுஷா, அப்பாக்கிட்ட வேற என்ன சொல்லணும்? ஒவ்வொண்ணா கேளு, புள்ள."