மாடி வாரியாக

அந்த ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'மைக்செட்' என்றுதான் கூப்பிடுவார்கள். தரைத்தளத்திலிருந்து ஆறாம் மாடி வரை கூரையில் பதித்த ஸ்பீக்கர்கள் அத்தனையும் அவர் பொறுப்பு. அவற்றில் ஒலிக்கும் குரல் அவருடைய கூடப் பிறந்த அக்காவுடையது. இருவருக்கும் ஒரே அறை, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. ஆனாலும் பேச்சுவார்த்தை கிடையாது. தன் மகள் கல்யாணத்துக்கு அக்கா நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையை ஆள் மூலம் அனுப்பினார். தம்பி போகவில்லை. அதோடு சரி. வேலை விஷயம் என்றால் டெலிபோன் ஆபரேட்டர் பெண்தான் தூது.

அந்தப் பெண் லீவு போட்டிருந்த ஒரு நாள், துணி துவைக்கும் அறையில் புகை கிளம்பியது. தீயணைப்பு அதிகாரி போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: எல்லா மாடிக்கும் ஒரேயடியாக அறிவித்தால் கூட்டம் படிக்கட்டில் முட்டி மோதும். முதலில் தரைத்தளம், அது காலியானதும் அடுத்தது.

மைக்செட் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் உடனே வெளியேறும்படி படபடவென்று பொரிந்துகொண்டிருந்தார். நல்லவேளை, தம்பி தன் பக்கத்திலிருந்து இன்னும் எந்த மாடிக்கும் இணைப்பு கொடுத்திருக்கவில்லை. அவர் தடுப்புக் கதவைத் தள்ளித் திறந்தார்.

"அக்கா, நிறுத்து. நீ பேசுறது எங்கயும் கேக்கல. முதல்ல கீழ மட்டும் திறக்கிறேன். நிறுத்தி நிறுத்திப் பேசு. அந்த ஹால்ல எதிரொலிக்கும், வேகமா சொன்னா ஒண்ணும் புரியாது."

தன் குரலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லப் பொறுக்காதவர் அக்கா. அன்று தலையை மட்டும் ஆட்டினார். தம்பி பட்டனை அழுத்தியதும், ஒவ்வொரு சொல்லாக இடைவெளி விட்டுப் பேசினார். முடித்துவிட்டு, "அடுத்து எது?" என்றார்.

"முதல் மாடி."

இரண்டாம் மாடி வரை காலி செய்வதற்குள் தீயை அணைத்துவிட்டார்கள். மேலே இருந்த நோயாளிகளை அசைக்க வேண்டியிருக்கவில்லை. சலவைக்காரர் ஒருவருக்கு மூச்சுத் திணறியது. அவரும் சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மைக்கில் ஒரு பிசிறும் தட்டாத அக்கா, அதை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தம்பி பக்கத்தில் போய் நின்றார். கல்யாணப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறியா?" என்று அக்கா கேட்டார்.

"போடுறேன்," என்றார் அவர். வாரக்கணக்கில் போட்டிருக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வாங்கிக்கொண்டார்.