"இ" எழுதிய குப்பி

மெர்வின் இறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ராஜபாளையம் மாலைக் கல்லூரியின் ஆய்வகத்தில் அவனுடைய ஸ்டூலை யாரும் நகர்த்தவில்லை. அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவன் செய்த சோதனையை இவாஞ்சலின் மறுபடி செய்துகொண்டிருந்தாள்.

தங்கத் துகளுக்குத் தனியாக இடம் வலம் கிடையாது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்கு உண்டு; கண்ணாடிப் பிம்பம் போல இடது, வலது என்று இரண்டு வடிவம். அது ஒட்டிக்கொண்டால் அதன் கைவாகு தங்கத்துக்கும் வந்துவிடும். இடது சிஸ்டீன் ஒட்டினால், ஒளியை அளக்கும் கருவி வரையும் கோட்டில் மேடு எழும் இடத்தில், வலது ஒட்டினால் பள்ளம் விழும்.

"தங்கம் ரோசங்கெட்டதுட்டி. யாரு கையப் புடிச்சாலும் அவிய மாதிரியே ஆயிரும்" என்பான் மெர்வின்.

இடது அவனுக்கு, வலது அவளுக்கு என்று பிரித்திருந்தார்கள். அவன் தன் பங்கை முடித்த வாரத்தில்தான் லாரி மோதியது.

"அந்தக் கோடு திரும்ப வரணும். வரலன்னா கற்பனையா வரைஞ்சதுன்னு அவன் பேரை அறிக்கையிலேர்ந்து எடுத்திருவேன்" என்று பேராசிரியர் ஐயாதுரை சொல்லியிருந்தார்.

அலமாரியில் அவன் கையெழுத்தில் "இ" என்று ஒரே ஒரு சிஸ்டீன் பொடிக் குப்பி. இடது. எடை போட்டு, தேதி குறித்து, தங்கக் கரைசலோடு மூன்று முறை தனித்தனியாகக் கலக்கினாள். கலக்கும் காந்தம் டக் டக்கென்று சுழலும்போது ஸ்டூல் பக்கம் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

கருவி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அதை இயக்கும் சுமையா திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று முறையும் மெர்வினின் மேட்டில் பள்ளம், பள்ளத்தில் மேடு.

"நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்க்கா. இல்லன்னா அவன்..."

"ஏட்டி, தப்புப் பண்ணா கோணல்மாணலால்ல வரும்? இது அவன் கோட்டையே கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு. குப்பியில என்ன எழுதியிருக்கு?"

"இ. இடதுக்கா."

"அவன் உன்ன எப்படிக் கூப்பிடுவான்?"

இவாஞ்சலின் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். முழுப் பேரையும் சொல்ல மூச்சு பத்தாது என்று வெறும் "ஏ, இ" என்றுதான் கூப்பிடுவான். அவளுக்கான வலதை எடுத்து, அவள் பேரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சுமையா சீல் உடைக்காத இடது சிஸ்டீன் கொடுத்தாள். வியாழக்கிழமை புதுக் கோடு வந்தது. மெர்வினின் பழைய கோட்டின்மேல் அப்படியே படிந்தது.

'செய்தவர்' என்ற கட்டத்தில் இடதுக்கு நேரே மெர்வின் என்று எழுதினாள். முதலில் வந்த மூன்று கோடுகளுக்காக வலதுக்கு நேரே தன் பேரை எழுதினாள். பிறகு "இ" குப்பியைக் கழுவ எடுத்தாள்.

அடியில் இன்னும் ஒரு முறைக்கான பொடி சரியாக மிச்சமிருந்தது. மூன்று முறை போதும் என்பதுதான் கணக்கு. அவள் எப்போதும்போல நாலாவது முறையும் செய்து பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மூடியை இறுக்கி, குப்பியை அந்த ஸ்டூலின்மேல் வைத்தாள்.