லைல் எடுத்துக்கொண்ட தொலைபேசி

லைல் ப்ரோடர்சன் கையைத் தூக்கியபோது என் முள்கரண்டியில் வான்கோழித் துண்டு பாதி வழியில் நின்றது. எங்கள் சங்கத்தின் நவம்பர் விருந்துக்கு எத்தனையோ வருடமாக வருகிறான். தின்றுவிட்டுப் போவானே தவிர, எதற்கும் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

எங்களுடையது இறுதிச்சடங்கு நடத்துபவர்களின் சங்கம். நெப்ராஸ்காவில் எங்கள் வட்டாரத்துச் சின்ன ஊர்க்காரர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வோம். அடுத்தவர் ஊரில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று ஓரக்காதால் கேட்டும் வைத்துக்கொள்வோம். தலைவி மார்லிஸ் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அடுத்து வருவனவற்றைப் படித்தாள். ஜனவரியில் உடல் பதப்படுத்தும் பயிற்சி, பிறகு புதிய சட்டங்கள் பற்றிய கூட்டம், வசந்தத்தில் மாநாடு. கடைசியில் வழக்கமான கேள்வி: மாதக் கடைசியில் குடும்பங்கள் கூடிச் சாப்பிடும் நன்றி நாளன்று யாருடைய தொலைபேசியை யார் எடுப்பது? சாவுக்குப் பண்டிகை கிடையாது. ஒருவர் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தால், அவருக்கு வரும் அழைப்புகள் அன்று பக்கத்து ஊர்க்காரருக்குப் போகும்.

"ஜோலீனோடத நான் எடுத்துக்கறேன்," என்றான் லைல், என்னைக் காட்டி.

என் கணவர் கேரி ஏப்ரலில் இறந்துபோனார். அதிலிருந்து எங்கள் வெஸ்ட்ரிங் இறுதிச்சடங்கு இல்லத்தை நான் ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். லைல் ஏற்கெனவே இரண்டு ஊர்களில் எங்களைப் போன்றவர்களின் இல்லங்களை வாங்கியிருக்கிறான். இரண்டிலும் முதலில் உதவிதான் செய்தான். பிறகு ஒருநாள் பெயர்ப்பலகை மாறியிருந்தது. எங்கள் ஊரில் பண்ணைக்காரர் ஆர்வில் இன்றோ நாளையோ என்று கிடந்தார். அந்தக் குடும்பம் யாரிடம் போகிறதோ, அவரிடம்தான் ஊரில் பாதி போகும். அது லைலுக்குத் தெரியாதா என்ன?

"வேண்டாம் லைல். உன் வீட்டுக்குப் பேரப்பிள்ளைங்க எல்லாம் வருவாங்களே."

"வரட்டுமே. சாப்பாட்டு நடுவுல போன் வர்றது அவங்களுக்குப் பழகிப் போச்சு. நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடு."

"பாத்தீங்களா, இதுக்குத்தான் சங்கம்ங்கறது," என்று மார்லிஸ் கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். அத்தனை பேர் கைதட்டும்போது மறுத்தால் நான்தான் பொல்லாதவள். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். கிளம்பும்போது என் கோட்டை எடுத்துக் கொடுத்த லைல், "உங்க கட்டடத்துக் கூரை இன்னும் ஒழுகுதா?" என்று வேறு கேட்டான். வாங்க நினைக்காதவனுக்குக் கூரை எதற்கு?

நன்றி நாளன்று தங்கையிடம் காய்ச்சல் என்று புளுகிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். சொன்னபடி அலுவலகத் தொலைபேசியை லைலுக்கு மாற்றிவிட்டிருந்தேன். அது மணியடிக்காமல் கிடந்தது என்னை அரித்தது. ஆர்விலின் பெண் இந்நேரம் கூப்பிட்டிருப்பாளோ? எடுத்ததும் என் பெயரைச் சொல்வானா, தன் பெயரைச் சொல்வானா? தன் பெயரைச் சொன்னால் மார்லிஸிடம் போய் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என முடிவுகட்டி, மத்தியானம் என் கைப்பேசியிலிருந்து என் அலுவலக எண்ணையே கூப்பிட்டேன்.

சில தடவை மணியடித்த பிறகு எடுத்தான். "வெஸ்ட்ரிங் இல்லம். சொல்லுங்க."

எங்கள் பெயர்தான். பின்னால் தட்டுச் சத்தமோ பிள்ளைகள் கூச்சலோ இல்லை. மேசையை விட்டு எழுந்து தனியறைக்குப் போயிருக்க வேண்டும். அத்தோடு வைத்திருக்கலாம். புத்தி கெட்டு, மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றி, "எங்க வீட்ல ஒருத்தர் இறந்துட்டார்," என்றேன்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. யாரு?"

அதை யோசித்து வைக்கவில்லை. "வீட்டுக்காரர்."

"இப்ப உங்ககூட யாராச்சும் இருக்காங்களா?"

இந்தக் கேள்வியை நான் ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்து ஒருமுறைகூட அது என் காதில் விழுந்ததில்லை. ஏப்ரலில் என்னிடம் யாரும் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவள், பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்கள். கேரியை நானே குளிப்பாட்டி, சவரம் செய்து, டை கட்டிவிட்டேன். வந்தவர்கள் என் கையைக் குலுக்கி, ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறாய் என்றார்கள். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வந்தது என் சொந்தக் குரல்தான்.

"இல்ல. யாருமில்ல."

"சாப்பிட்டீங்களா?"

இது நாங்கள் கேட்கிற கேள்வியே இல்லை. இல்லை என்றேன்.

"சரி. நான் வரேன்," என்று வைத்துவிட்டான்.

முகவரி கேட்கவில்லை. இந்தத் தொழிலில் முகவரி கேட்காமல் யாரும் வைக்கமாட்டார்கள். அப்போதுதான் உறைத்தது: அவன் கைப்பேசியில் ஆரம்பத்திலிருந்தே என் பெயர் தெரிந்திருக்கும். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அது அடங்குவதற்குள் பழைய நினைப்பு தலையைத் தூக்கியது. ஆக, வீட்டுக்குள்ளேயே வரப்போகிறான். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன்.

அரைமணி போல ஆகியிருக்கும், கறுப்பு வண்டி வந்து நின்றது. அவனுடைய வழக்கமான டிரக் இல்லை, சாவு வீட்டுக்கு எடுக்கிற வண்டி. ஊரே சாப்பிட்டுவிட்டு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு கிடக்கிற நாளில், லைல் கறுப்பு சூட்டும் டையும் போட்டு இறங்கினான். ஒருமுறைதான் தட்டினான். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் அவர்களாகத் திறக்கட்டும் என்று நாங்கள் ஒதுங்கி நிற்போமே, அப்படிக் கதவுக்கு ஓரமாக நின்றான்.

தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தேன். பனி தூற ஆரம்பித்திருந்தது. அவன் வழுக்கையில் விழுந்து உருகி, காதோரம் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.